கச்சான் திசை நோக்கிய கம்பிகள்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க விரும்புவோர், நிலவுள்ள இரவில் தோணியேறிக் கல்லடிப் பாலத்தருகே செல்வதும், துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறு முனையைச் செவியோடு பொருத்திக்கொள்வதும் நெடுங்கால வழக்கம். வெறுஞ்செவிக்கு நீரின் சலசலப்பு மட்டுமே கேட்கும். துடுப்பின் வழியே கேட்பவர்க்கோ, நரம்பை மெல்ல வருடினாற் போன்ற ஓர் ஒலி ஆழத்திலிருந்து எழும். துடுப்பு அந்த ஒலியை உண்டாக்குவதன்று. முன்பே அங்கு நிறைந்திருப்பதைச் செவிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மாத்திரமே அதன் வேலை. எங்கே நிறுத்துவது, எவ்வளவு ஆழ்த்துவது என்று அறிந்தவனுக்கே மீன் பாடும்.

அதே வாவிநாட்டின் வடபாகத்தில், கிரான் என்னும் ஊரின் கூரைகளுக்கு மேல் எழுந்த அலுமினியக் கம்பிகளின் வேலையும் அதுவே. ஏட்டில் அவற்றை வான்கம்பி என்பர். ஊரார் சொல்வது அன்ரனா. வானத்தில் பரவிக் கிடக்கும் தொலைக்காட்சி அலையை, மாதக் கட்டணமோ சந்தாவோ இன்றி வீட்டுக்குள் இறக்கித் தருவது அது. ஆயினும் எந்த அன்ரனாவை வாங்குவது, எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது, எத்திசை நோக்கித் திருப்புவது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதற்குள், கொழும்பில் வாழ்பவர் அறியாத பல பாடங்களை இவ்வூரார் கற்க வேண்டியதாயிற்று. கொழும்பு வீட்டுக்காரருக்கு முயலின் செவிபோல் இரு கோல்களைப் பெட்டியின் மேல் விரித்து வைத்தாலே போதும். கிரானுக்கு அந்தச் சலுகை இல்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறாவூர், வந்தாறுமூலை, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை முதலிய ஊர்களைக் கடந்து கிரானை அடைவர். அதற்கப்பால் வாழைச்சேனையும் கல்குடாவும். கிழக்கே கடல் தொலைவில் இல்லை. மேற்கே நீர்நிலையும், அதற்கப்பால் வயல்வெளியும், புலிபாய்ந்தகல், வாகனேரி முதலிய ஊர்களும், அடிவானில் குடும்பிமலையும். மாரி பொய்க்காத ஆண்டுகளில் மேற்கே செல்லும் பாதையை வெள்ளம் மூடிவிடும். அப்போது அக்கரைக்கும் இக்கரைக்கும் படகே போக்குவரத்து. நிலம் எங்கும் தட்டை. அன்ரனாவைப் பற்றிய கதைக்கு இந்தத் தட்டையான நிலமும், தொலைவிலுள்ள மலையும் இன்றியமையாதவை.

தொலைக்காட்சிக்கு முன்பே கம்பி இருந்தது. கொழும்பில் 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் முறையாகத் தொடங்கிய வானொலி, இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்கென அமைந்த வலிய சிற்றலை நிலையத்தைப் பின்னர்ப் பெற்றது. 1949 இல் இலங்கை வானொலி என்னும் பெயரோடு வளர்ந்தது. 1967 ஜனவரி 5 ஆம் நாள் கூட்டுத்தாபனமாயிற்று. அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டியிருந்தது மிக எளிது. இரண்டு தென்னைகளுக்கிடையே செப்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, இரு முனைகளிலும் பீங்கான் மணிகளைக் கோத்து, நடுவிலோ முனையிலோ ஒரு தொடர்கம்பியை இறக்கிப் பெட்டியுடன் இணைத்தால் கொழும்பும் கேட்கும், திருச்சிராப்பள்ளியும் கேட்கும். கம்பி எத்திசையில் ஓடுகிறது என்று எவரும் அவ்வளவாகக் கருதியதில்லை. தென்னைகள் எங்கே நின்றனவோ அதுவே திசை.

அதற்குக் காரணம் அலையின் இயல்பு. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்லும். சிற்றலையோ நூறு கிலோமீற்றருக்கு மேலுள்ள மின்னேறிய வானடுக்கில் பட்டுத் திரும்பி வந்து விழும்; மலையும் கடலும் அதற்கு ஒரு பொருட்டல்ல. தொலைக்காட்சி அலைக்கு இந்த இரு வித்தைகளும் தெரியா. அதன் நீளம் மிகச் சிறிது. இலங்கையின் முதல் நிலையங்கள் பயன்படுத்திய மேற்பகுதி வி.எச்.எப். அலைவரிசையில் ஒன்றரை மீற்றர் அளவினது. வானடுக்கை அது துளைத்துச் சென்றுவிடும். நிலத்தின் மேல் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் ஓடும். நிலையத்தின் கோபுரத்தையும் வீட்டுக் கூரையையும் இணைக்கும் கோட்டில் மலை நின்றால் மறைக்கும், தோப்பு நின்றால் மெலிவிக்கும், பூமியின் வளைவு உயர்ந்தாலும் தடுக்கும். ஆகவே தென்னைகள் நின்ற திசை போதாதாயிற்று.

இலங்கையில் தொலைக்காட்சியை முதலில் வாங்கிக் காட்டிய கருவி கோபுரம் நோக்கியதன்று, வானத்தை நோக்கியது என்பது ஒரு வேடிக்கை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் இந்தியா, ஏ.ரி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செய்மதியின் வாயிலாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியது. கோழிக்கூட்டு வலையால் ஆன குடைகளைக் கொண்டே அக்கிராமங்கள் அவற்றை வாங்கின. செய்மதித் தொடர்பின் தத்துவத்தை 1945 இலேயே எழுதியவரும், கொழும்பில் குடியேறியிருந்தவருமான ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் இந்திய விண்வெளிப் பொறியியலாளர் அத்தகைய வாங்கி ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். தீவில் வேறெவருக்கும் காட்சி தெரியாத காலத்தில் அவர் வீட்டில் மட்டும் படம் ஓடியது.

நிலத்திலிருந்து ஒளிபரப்பு 1979 ஏப்ரல் 13 ஆம் நாள் தொடங்கியது. சுயாதீனத் தொலைக்காட்சி என்னும் தனியார் முயற்சி அது. பன்னிப்பிட்டியில் ஒரு தோட்ட வீட்டிலிருந்து எழுந்த அலை கொழும்பையும் சுற்றுப்புறத்தையுமே எட்டியது. அதே ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் அரசு அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முதல் நிலையம் பிறந்து இரண்டு மாதம் நிறைவதற்குள் உரிமை மாறியது. கிரானுக்கோ அப்போது அந்த அலையும் எட்டவில்லை, அந்த மாற்றமும் எட்டவில்லை. 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாகினி தொடங்கியபோதுதான் நிலைமை வேறுபட்டது. அதன் பிரதான ஒலிபரப்பி தீவின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலவின் மேல் நிறுவப்பட்டது.

நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் அம்மலையின் உயரம் 2524 மீற்றர். அடியில் சொன்னால் 8281. பொறியியலாளர் கைக்கணக்கு ஒன்று உண்டு. அடிக்கணக்கில் உயரத்தை இரட்டித்து அதன் வர்க்கமூலத்தைக் கண்டால், அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலை எத்தனை மைல் தூரம் வரை பூமியின் வளைவுக்கு அகப்படாமல் செல்லும் என்பது கிடைக்கும். பிதுருதலாகலவுக்கு அக்கணக்கு 128 மைலுக்குச் சற்று மேல். கிரானோ அங்கிருந்து ஏறத்தாழ 80 மைல், அதாவது 130 கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது. காகிதத்தில் பார்த்தால் கிரான் அம்மலையின் கண்ணுக்கு முன்னே இருக்கும் ஊர். கணக்கு இவ்வாறு ஆசை காட்டினாலும், இடையில் மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளும் முகடுகளும் உள்ளன; அவற்றைத் தாண்டி இறங்கும் அலை காடுகள் மேல் தவழ்ந்து, தென்னந்தோப்புகளில் சிதறி, மெலிந்த நிலையிலேயே வாவிக்கரையை வந்தடையும். மெலிந்தது வேறு, இல்லாதது வேறு. மெலிந்ததைச் சேர்த்தெடுக்கும் கருவி ஒன்று வேண்டும். அது முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

அதன் வரலாறு சற்று விரித்துரைக்கத் தக்கது. ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹிதெட்சுகு யாகி என்பாரிடம் பணியாற்றிய சிந்தாரோ ஊடா, 1926 இல் ஒரு புதுமையைக் கண்டார். அலையின் பாதியளவு நீளமுள்ள ஒரு கோலை மட்டும் நிறுத்தினால் அது எல்லாப் பக்கத்து அலையையும் ஏறக்குறைய ஒருபடியாகவே வாங்கும். அதன் பின்னே சற்று நீண்ட கோல் ஒன்றையும், முன்னே சற்றுக் குறுகிய கோல்கள் பலவற்றையும், எதனோடும் மின்தொடர்பின்றி வரிசையாக நிறுத்தினால், பின்கோல் அலையைத் தடுத்து முன்னுக்குத் திருப்புகிறது. முன்கோல்கள் அதனை ஈர்த்து நடுக்கோலுக்கு வழிநடத்துகின்றன. தனித்து நிற்கும் வெறுங்கோல்கள் ஒன்றுசேர்ந்து ஒரு திசையை மட்டும் உற்றுநோக்கும் கண்ணாகிவிடுகின்றன. யாகி இதனை 1928 இல் ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவில் வெளியிட்டார். ஆகையால் உலகம் ஆசிரியரின் பெயரை முன்னிறுத்தியது; உழைத்த ஊடாவின் பெயர் பின்னரே ஒட்டிக்கொண்டது. இது கல்வியுலகில் புதிதன்று.

ஜப்பானிலோ அக்கண்டுபிடிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, பிரித்தானியப் படையினரின் ரேடார்க் குறிப்பேடு ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதில் 'யாகி' என்ற சொல் பலவிடங்களில் வந்தது. பொருள் விளங்காத ஜப்பானிய அதிகாரிகள், சிறைப்பட்டிருந்த பிரித்தானியத் தொழில்நுட்பவியலாளனை விசாரித்தனர். அஃது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயராயிற்றே என்று அவன் வியப்போடு விடையிறுத்தான் என்பர். சரியாக நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அதே பெப்ரவரி மாதத்தில், ஜப்பானிய உதவியால் பிதுருதலாகலவில் எழுந்த அலையை வாங்க இலங்கைக் கூரைகளெங்கும் ஏறியது அந்த யாகி-ஊடா அன்ரனாவே. கோல்களின் வரிசையைக் கண்டு மீன்முள் என்று சொல்வாரும் உளர். மீன்பாடும் நாட்டில் அந்தப் பெயர் பொருத்தமற்றதன்று.

இனிக் கிரானில் நின்று பார்த்தால், மூன்று வினாக்களுள் திசைக்குரிய விடை முதலில் தெளிவாகிறது. பிதுருதலாகல இவ்வூருக்குத் தென்மேற்கே உள்ளது. மட்டக்களப்பார்க்குத் தென்மேற்கு என்பது வெறும் திசைப்பெயர் அன்று. வைகாசி முதல் ஆவணி வரை மலைகளைத் தாண்டி இறங்கி, ஈரமெல்லாம் இழந்து, வெப்பமும் வறட்சியுமாக வீசும் கச்சான் காற்றின் திசை அது. மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு இப்புறம் வெறுங்கையோடு வரும் காற்று. தொலைக்காட்சி அலையும் ஏறக்குறைய அந்த வழியே வருகிறது. "மனே, இன்னும் கொஞ்சம் கச்சான் பக்கம் திருப்பு" என்று வீட்டினுள்ளிருந்து தாய் சொல்ல, கம்பத்தைப் பற்றியபடி மகன் "இப்ப வருதா அம்மா?" என்று கேட்க, "குரல் வந்திட்டு, படந்தான் வரல்ல" என்று விடை வர, இவ்வாறு கூரைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்த உரையாடலே அக்காலத்து அன்ரனாக்களைத் திசைப்படுத்திய கருவி. திசையறி கருவி கொண்டு செய்தவர் அரியர். குரல் முன்னும் படம் பின்னுமாக வருவதற்கும் காரணம் உண்டு: ஒலிக்கு வேண்டிய அலை சிறிது, படத்துக்கு வேண்டியது பெரிது. மெலிந்த அலையில் ஒலி பிழைக்கும், படத்தின் மேல் வெண்புள்ளிகள் மழையாய்ப் பொழியும்.

இரண்டாம் வினா, எத்தனை கோல் என்பது. கடையில் அன்ரனாவைக் கோல் எண்ணியே விலை சொல்வர். கொம்பின் நீளம் பார்த்து எருமை வாங்குவதற்கு இஃது ஒப்பாகும். கோல்கள் மிகுந்தால் அன்ரனாவின் பார்வை கூர்மையாகும் என்பது உண்மையே. ஆனால் ஐந்தைப் பத்தாக்கினால் வாங்கும் வலிமை ஏறக்குறைய இரட்டிக்கும். பத்தை இன்னும் ஒருமுறை இரட்டிக்க இருபது கோல் வேண்டும். நீளம் கூடக் கூட விலையும் பாரமும் காற்றின் பிடியும் பெருகுகின்றன, பயனோ மேலும் மேலும் குறைந்த அளவிலேயே கூடுகிறது. 130 கிலோமீற்றர் தொலைவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு கோல் வரை உள்ளது தக்கது. அதற்கு மேல் செலவிடக் கருதும் பணத்தைக் கம்பத்தில் இடுவதே அறிவுடைமை. கம்பம் பதினைந்து அடியிலிருந்து முப்பது அடியாக உயர்ந்து, அன்ரனா தென்னோலைகளின் தலைக்கு மேல் ஏறுமாயின், மூன்று கோல் மாற்றத்தால் கிடைக்காத தெளிவு அந்த ஓர் ஏற்றத்தால் கிடைத்துவிடும். உயரமே மூன்றாம் வினாவின் விடை, மூன்றினும் அதுவே தலையாயது. குடும்பிமலை போன்ற 534 மீற்றர்க் குன்றின் நிழலில் வாழும் குடியிருப்புக்கோ எத்தனை கோல் இட்டாலும் ஒரு முகட்டின் மறைவை முற்றாக வெல்லல் அரிது.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் நாட்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதனைக் கண்டவர்களுக்கு முப்பது அடிக் கம்பத்தை எவ்வாறு நிறுத்துவது என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மூங்கிலும் கமுகுமே மலிவாகக் கிடைத்த முதற் கம்பங்கள். நாகம் பூசிய இரும்புக் குழாய் வசதியுள்ளோர்க்கு. எதுவாயினும் மூன்று பக்கமும் இழுகம்பி கட்டாமல் நிறுத்தினால் முதல் வாடைக் காற்றில் அன்ரனா கச்சான் திசையை விட்டுக் கடலை நோக்கித் திரும்பிவிடும். வீட்டுக்கு அருகே நிறுத்தும் உயர்ந்த இரும்பு இடியை அழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியின் குமுறல் கேட்டவுடன் பெட்டியிலிருந்து வயரைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிவதை வாவிக்கரை வீடுகள் பலவற்றில் சிறுவர்கூட அறிவர். கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பியை ஈரமண்ணில் இறக்குவது அதனினும் நன்று. ஆயினும் செப்பின் விலை அதைப் பலருக்குத் தள்ளிப்போடச் செய்தது.

அன்ரனாவை விட அதிலிருந்து இறங்கும் வயரே பல வீடுகளில் குற்றவாளி. தொடக்கத்தில் வந்தது இரு கம்பிகள் ஓடும் தட்டை வயர். உலர்ந்தவிடத்து அதற்கிணை இல்லை. மழையும் உப்புக்காற்றும் படிந்தால் அலையை வழியிலேயே தின்றுவிடும். பின்னர் வந்த வட்ட வயர், நடுவே செப்பும் சுற்றிலும் வலையுமாக அமைந்தது, ஈரத்துக்கு அஞ்சாது. ஆயினும் இது பழைய அன்ரனாவின் வளைகோலோடு நேரே பொருந்தாது. இடையே சிறு மின்மாற்றித் துண்டு ஒன்று வேண்டும். அதனை விடுத்து நேரே முறுக்கிக் கட்டிவிட்டு அன்ரனாவைக் குறைசொன்னோர் அநேகர். கடற்காற்று எட்டும் ஊராதலால் இணைப்பு முறுக்காணிகள் இரண்டு மாரிக்குள் துருவேறும். ஆண்டுக்கொருமுறை இறக்கித் தேய்த்துப் பூட்டினால் புதியது வாங்கும் செலவு மிஞ்சும்.

பூஸ்டர் எனப்படும் பெருக்கியைக் குறித்தும் ஒரு மயக்கம் இருந்தது. படம் மங்கினால் பூஸ்டர் வாங்கு என்பதே பொது ஆலோசனை. பதர் கலந்த நெல்லைப் பெரிய மரைக்காலால் அளந்தாலும் பதர் பதராகவே இருக்கும். பூஸ்டர் அலையைப் பெருக்குகையில் அதனோடு வரும் இரைச்சலையும் உடன்பெருக்குகிறது. தானும் சிறிது இரைச்சல் சேர்க்கிறது. கம்பத்தின் உச்சியில் அன்ரனாவின் அருகே வைத்தால், வயரில் இறங்கும் வழியில் கெடுவதற்கு முன்பே அலை வலுப்பெறும்; அது பயன். பெட்டியின் பக்கத்தில் வைத்தால் கெட்டபின் பெருக்குவதாய் முடியும். விலையோ இரண்டிடத்தும் ஒன்றே.

மின்சாரம் இல்லாத வீடுகளுக்குத் தொலைக்காட்சி இல்லை என்று எண்ணுதல் தவறு. இலங்கையின் மின்னில்லாக் கிராமங்கள் எங்கணும் மோட்டார் வாகனத்தின் 12 வோல்ற்று பற்றரியைக் கொண்டு சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் ஓடின. பற்றரியை மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு மின்சாரமுள்ள ஊருக்குச் சென்று மின்னேற்றி வருவது வாரந்தோறும் நடந்த பயணம். கிரானுக்கு மேற்கே, நீருக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு இந்த நிலை நீண்டது. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் 2007 ஜூலையில் குடும்பிமலை அரசபடை வசமாகும்வரை அந்நிலப்பரப்பைப் பிரதான வீதியிலிருந்து பிரித்து வைத்தது. வீதியோர வீட்டில் வண்ணப்படம் தெரிந்த நாளில், அக்கரையில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அலை இரு கரைக்கும் ஒன்றாகத்தான் வந்தது. அதனை வாங்கும் வசதி ஒன்றாக இல்லை.

இங்கே யாழ்ப்பாணத்தைச் சற்று நினைத்தல் தகும். அங்குள்ள வீடுகளுக்கு அன்ரனாவைத் திருப்ப இரு திசைகள் இருந்தன. தெற்கே இலங்கை, மேற்கே கடலுக்கு அப்பால் இந்தியா. 323 மீற்றர் உயரமுள்ள இராமேசுவரக் கோபுரம் 1995 இல் எழுந்தபோது, அது யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவே. இடையில் மறைக்கும் மலை எதுவுமின்றிக் கடலும் தீவுகளுமே. போரின் தொடக்கத்தில் 1990 ஜூலையில் கொக்காவில் நிலையம் அழிந்து, 2011 ஜூனில் 174 மீற்றர்க் கோபுரமாக அது மீண்டும் எழும்வரை, வடக்கின் பல கூரைகள் இந்தியாவையே நோக்கியிருந்ததில் வியப்பில்லை. கிரானுக்கு அத்தகைய தெரிவு வாய்க்கவில்லை. கொடைக்கானல் ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். கிழக்கே வங்கக் கடல். அங்கிருந்து அலை எதுவும் வாராது. ஆகவே பார்க்கத்தக்க திசை ஒன்றே. அந்தத் திசையிலிருந்து எம்மொழி வருகிறதோ அதுவே கூடத்தில் கேட்கும் மொழி.

இவ்விடத்தே அன்ரனாவின் அளவு வெறும் பொறியியல் வினாவாக நில்லாது போகிறது. ரூபவாகினியில் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் இருந்தன. எனினும் நாளின் பெரும்பகுதி சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உரியதாயிருந்தது. வானொலியில் நாள் முழுவதும் தமிழ் கேட்டுப் பழகிய வீடு, தொலைக்காட்சியில் தமிழுக்கென ஒதுக்கிய நேரத்தைக் காத்திருந்து பார்த்தது. 1998 இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கியபோது தமிழுக்கே முழுநேர அலைவரிசை ஒன்று பிறந்தது. 2009 இல் சுயாதீனத் தொலைக்காட்சியின் வசந்தம் வந்தது. ஆனால் புதிய தனியார் நிலையங்கள் பெரும்பாலும் யூ.எச்.எப். என்னும் மேலும் குறுகிய அலைகளில் இயங்கின. அவற்றின் நீளம் அரை மீற்றர் அளவினது. 1980-களில் ஏற்றிய எண்பது சென்ரிமீற்றர்க் கோல்கள் அந்த அலைக்குச் செவிடாயிருந்தன. இருபது, முப்பது சென்ரிமீற்றரே உள்ள குறுங்கோல்களின் நெருக்கமான வரிசை வேண்டப்பட்டது. பழைய கம்பத்திலேயே நீண்ட கோல் அன்ரனாவுக்கு மேலோ கீழோ ஒரு குறுங்கோல் அன்ரனா சேர்ந்த வீடுகளைப் பார்த்தவுடன், இங்கே தமிழ் அலைவரிசை வேண்டுமென்று ஒரு செலவு செய்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

குறுகிய அலைக்குத் தாங்கும் ஆற்றலும் குறைவு. தென்னோலையின் ஈரம், மழைத்தாரை, வயரின் நீளம் ஆகிய ஒவ்வொன்றும் வி.எச்.எப். அலையைக் காட்டிலும் அதனை மிகுதியாகத் தேய்க்கும். ஆகவே ரூபவாகினி தெளிவாகத் தெரிந்த வீட்டில் தமிழ் அலைவரிசை மழையிரவில் கரைந்துபோவது உண்டு. அந்த மழையிரவே செய்தி மிக வேண்டப்படும் நேரமும் ஆகும். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தை இவ்வூரார் மறந்திலர். குளத்தின் வான்கதவு திறக்கப்படுமா, வீதி மூடப்பட்டதா, எந்தப் பாடசாலையில் தங்குவது என்னும் அறிவித்தல்களைப் புரியும் மொழியில், காசின்றி, வீட்டிலிருந்தே அறிவதற்கும் அறியாமைக்கும் உள்ள வேறுபாடு, அக்கரையில் நெல்லும் மாடும் வைத்திருப்பவனுக்குச் சிறிதன்று. பற்றரியால் இயங்கும் சிறு வானொலி அத்தகைய இரவில் தொலைக்காட்சியை வென்றதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

இப்புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் கட்டணச் செய்மதித் தொலைக்காட்சியின் சிறு குடைகள் கூரைகளில் தோன்றின. மலையின் மறைவு அவற்றுக்கு இல்லை. படமோ கண்ணாடி போன்றது. மாதந்தோறும் பணம் செலுத்துமளவும் அந்நிலை நீடிக்கும். அறுவடைக்கு அறுவடை காசு காணும் குடும்பத்துக்கு மாதம் என்பது பொருந்தாத அளவை. பணம் தீர்ந்த நாளில் குடை அலங்காரப் பொருளாகிவிட, பழைய மீன்முள்ளுக்கு மீண்டும் வயரைச் செருகிய வீடுகள் உண்டு.

மற்றுமொரு மாற்றமும் அறிவிக்கப்பட்டது. 2014 இல் இலங்கை, நிலவழி எண்ணியல் ஒளிபரப்புக்கு ஐ.எஸ்.டி.பி.-ரி என்னும் ஜப்பானிய முறையைத் தேர்ந்தது. பழைய முறையில் ஓர் அலைவரிசை பிடித்த இடத்தில் பல நிகழ்ச்சிகளை அனுப்பவும், அபாய வேளையில் தக்க வாங்கிகளைத் தானே விழிக்கச் செய்யும் எச்சரிக்கைக் குறியைச் சேர்த்தனுப்பவும் அதனால் இயலும். வெள்ளமும் சூறாவளியும் கண்ட கரைக்கு இப்பின்னது பெரிது. தேர்வுக்கும் செயலுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தன. ஒலிபரப்பையும் கருதிக் கட்டப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரத்தோடு 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்தபோதும் நாடு பழைய முறையிலேயே இருந்தது. அக்கோபுரம் எவ்வளவு உயர்ந்தாலும் கிரானுக்கு அது 200 கிலோமீற்றருக்கு அப்பால், நடுவே மலைநாடு முழுவதையும் வைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த முறை வந்தாலும் இவ்வூருக்கு அலை மலையுச்சியிலிருந்தே வரவேண்டும்.

எண்ணியல் என்ற சொல் வந்தவுடன் 'எண்ணியல் அன்ரனா' என்று பெயர் ஒட்டி விற்பவர் பல நாடுகளில் தோன்றினர். கோல்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அலையின் நீளம் ஒத்திருந்தால் 1998 இல் ஏற்றிய யூ.எச்.எப். அன்ரனா எண்ணியல் அலையையும் வாங்கும். மாறவேண்டியது பெட்டியோ அதனோடு சேர்க்கும் சிறு கருவியோ மாத்திரம். வேறுபாடு விளைவில் உண்டு. பழைய முறையில் அலை மெலிந்தால் படம் சிறிது சிறிதாக மங்கும்; புள்ளிமழையினூடும் செய்தி வாசிப்பவரின் முகத்தைக் கண்டுகொள்ளலாம். எண்ணியலில் ஓர் எல்லைவரை படம் குறைவற்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆகவே விளிம்பில் உள்ள ஊருக்குக் கம்பத்தின் உயரமும் வயரின் நலமும் முன்னையிலும் இன்றியமையாதனவாகும். புதிய பெட்டிக்குச் செலவிடுமுன், பழைய கம்பத்தை ஐந்தடி உயர்த்தித் துருப்பிடித்த முறுக்காணிகளை மாற்றுவதே கிரானுக்கு ஏற்ற வரிசை.

நீண்ட கோல் அன்ரனாக்கள் சில இன்னும் இறக்கப்படவில்லை. ஓரிரு கோல் கழன்றும், நடுத்தண்டு காற்றில் சற்றே வளைந்தும், காக்கைக்கு இருக்கையாகியும் நிற்கின்றன. பக்கத்தில் உள்ள சிறு குடை வேறெதையோ பார்க்கிறது. வைகாசியில் கச்சான் எழும்போது அப்பழைய தண்டு காற்றுக்கு நேரே முகங்கொடுத்து நிற்கும். ஐப்பசியில் முதலிடி கேட்டதும் கீழே ஒரு கை அதன் வயரைத் தேடிக் கழற்றும்.